கண்ணில் படாமல் ஒரு துணை

செல்வராணி மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

சிவப்பிரகாஷ் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு இருமினார். முகத்தை மறைக்க அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றிய வழி அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டால் தன் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். இப்போது மூன்று பேர் உட்காரும் சீட்டில் சிவப்பிரகாஷ் மட்டும் தனியாக, முன்னைவிட நன்றாகத் தெரிந்தார்.

போன் அடித்தது. மனைவி சண்முகவடிவு.

“ஏறியாச்சா?”

“ஏறியாச்சு. பஸ்ஸு விளாத்திகுளத்தைத் தாண்டிட்டு.”

“அவ?”

“முன்னால, டிரைவருக்குப் பின்சீட்டுல இருக்கா.”

“அப்பச் சரி. கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே வாங்க.”

“கண்ணெடுக்காமப் பாத்தா சந்தேகப்படுவாளே.”

“அப்ப எடுத்து எடுத்துப் பாருங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சிவப்பிரகாஷுக்கு விளாத்திகுளம் பஜாரில் பாத்திரக்கடை. மச்சினன் பால்துரை ஆழ்வார்திருநகரியில் கட்டியிருக்கும் புதுவீட்டுக்கு நாளைக்குப் பால்காய்ப்பு. சண்முகவடிவு ஒத்தாசைக்கென்று முன்னாலேயே அங்கே போய்விட்டாள். போன இடத்திலிருந்துதான் நேற்று இந்த வேலையை அவருக்குக் கொடுத்தாள்.

“பால்துரை பெஞ்சாதிக்கு அக்கா மகள் ஒருத்தி இருக்கால்ல, செல்வராணி. திருப்பூர்ல வளந்த பிள்ளை. இப்ப நம்மூரு வேளாண்மை ஆபீசுக்கு மாத்தலாகி வந்திருக்கா. அவளும் விசேசத்துக்கு வாரா. தன்னந்தனியா.”

“அதுக்கென்ன, என்கூடக் கூட்டிட்டு வாரேன்.”

“அய்ய, அப்படி எதுவும் கேட்டுறாதீய. தொணைக்கு ஆளு அனுப்புனா அவளுக்குப் பிடிக்காது. நான் என்ன சின்னப் பிள்ளையாம்பா. நீங்க பாட்டுக்கு அவ ஏறுற பஸ்ஸுல ஏறுங்க. அவ இறங்குற இடத்துல இறங்குங்க. அவ கண்ணுல படாம ஒரு கண்ணு வச்சுக்கிட்டே வந்து சேருங்க. அம்புட்டுத்தான்.”

“அவளுக்கு என்னைத் தெரியுமா?”

“அவ எங்க உங்களைப் பாத்தா?”

கூடவே ஒரு போட்டோவும் வந்தது. சிவப்பிரகாஷ் அதை நெடுநேரம் பார்த்து மனதில் பதிய வைத்துக்கொண்டார். காய்கறி வாங்குவதைத் தவிர வேறு பொறுப்பு எதையும் சண்முகவடிவு அவரை நம்பிக் கொடுத்ததில்லை. அதிலும் கத்திரிக்காயைக் கொடுத்ததில்லை. இப்போது ஒரு பெண்பிள்ளையின் பாதுகாப்பையே ஒப்படைத்திருக்கிறாள். ராத்திரி படுக்கப் போகுமுன் போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்தார். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு போலீஸ்கார அம்மா விளக்கினார். பார்த்து முடித்தபோது அவருக்குச் சின்னக் குழப்பம் வந்தது. சொன்னதெல்லாம் பின்னால் வருகிற ஆளிடமிருந்து தப்பிப்பது எப்படி என்பது பற்றித்தான் இருந்தது. பின்னால் வருகிற ஆள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு வீடியோவில் வந்த கெட்டவன் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். சிவப்பிரகாஷிடம் இருந்த நல்ல சட்டைகள் எல்லாமே கட்டம் போட்டவை.

முன்சீட்டில் செல்வராணி போனை உயரத் தூக்கித் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டாள். பஸ் குலுங்கியதில் போன் கொஞ்சம் திரும்பியது. அதன் திரையில் அவளுடைய காது மட்டும் ஓரமாகத் தெரிந்தது. நட்டநடுவில் கைக்குட்டையும் கட்டம் போட்ட சட்டையுமாக சிவப்பிரகாஷ் தெரிந்தார்.

அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சந்தேகத்துக்கு இடமான ஆளைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அந்தப் போலீஸ்கார அம்மா சொல்லியிருந்தார்.

அடுத்து அவள் கண்டக்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். தலையாட்டினார். நேரே சிவப்பிரகாஷிடம் வந்தார்.

“அண்ணாச்சி, தூத்துக்குடியில தான இறங்கணும்?”

“ஆமா. டிக்கெட் எடுத்துட்டேனே.”

“சும்மா கேட்டேன். தூக்கம் வந்தாத் தூங்குங்க. நான் எழுப்பி விடுதேன்.”

கண்டக்டர் எந்த ஊரில் பயணியைத் தூங்கச் சொல்லியிருக்கிறார்? தூங்க வைத்துவிட்டு என்ன செய்யப் போகிறார்கள்? சிவப்பிரகாஷ் கண்ணை அகல விரித்து உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. உடனே கண்ணைச் சுருக்கினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

குளத்தூரில் கூட்டம் ஏறியது. கை நிறையக் கயிறு கட்டிய ஒரு ஆள் செல்வராணியின் சீட்டை ஒட்டி நின்றான். பஸ் நேராகப் போகும்போதும் அவன் மட்டும் அவள் பக்கமாகவே சாய்ந்தான். சிவப்பிரகாஷ் இதற்காகத்தானே வந்தார். எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னேறி, அந்த ஆளுக்குப் பின்னால் போய் நின்றார். என்ன சொல்லலாம் என்று யோசித்துத் தொண்டையைச் செருமினார்.

அதற்குள் செல்வராணியின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அத்தனை இடம் கெடக்குதில்ல.”

கோபமில்லை, நடுக்கமில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பது போன்ற குரல். கயிறு கட்டியவன் சட்டென்று பின்பக்கம் நகர்ந்தான். பெண்குரல் அதட்டினால் கீழ்ப்படிந்தே பழகிய சிவப்பிரகாஷும் நகர்ந்தார்.

பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் சோடியாத்தான் வந்தீயளா?”

பஸ்ஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சிவப்பிரகாஷ் தன் சீட்டுக்குத் திரும்பியபோது அதில் கயிறு கட்டியவன் உட்கார்ந்திருந்தான். “உக்காருங்க அண்ணாச்சி,” என்று பாசமாக இடம் விட்டான். வேறு வழியில்லாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சிவப்பிரகாஷ் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அவ்வளவு பேர் கண்ணும் தன் மேல் இருக்கும்போது கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்பதே பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் செல்வராணி முதலில் இறங்கினாள். சிவப்பிரகாஷ் இறங்கிப் பார்த்தபோது அவளைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினார். ஒரு பழக்கடையில் தொங்கிய வாழைத்தாருக்குப் பின்னாலிருந்து அவளுடைய பச்சைச் சுடிதார் எட்டிப் பார்த்தது. அவர் பார்த்ததும் சடாரென்று உள்ளே போனது.

ஒளிந்துகொள்கிறாள். தன்னைப் பார்த்துப் பயந்து ஒளிந்துகொள்கிறாள்.

சிவப்பிரகாஷுக்கு மனசு என்னவோ செய்தது. காவலுக்கு வந்தவரைக் கண்டு அந்தப் பிள்ளை வாழைத்தாருக்குப் பின்னால் நிற்கும்படி ஆகிவிட்டதே. யோசித்தார். பின்னால் போனால்தானே பயம்? முன்னால் போய்விட்டால்? ஆழ்வார்திருநகரி பஸ்ஸில் தான் முதலில் ஏறி உட்கார்ந்துகொள்வது. பிறகு அவள் ஏறினால், அவள்தான் அவர் பின்னால் வருகிறாள் என்று ஆகும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இந்த யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புறப்படத் தயாராக ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதன் போர்டு ‘ஆ’ என்று தொடங்கியது. மிச்சத்தைத் தூண் மறைத்தது. விறுவிறுவென்று ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்.

ஜன்னல் வழியே பார்த்தார். செல்வராணி ஓடி வந்தாள். பஸ்ஸின் முன்பக்கம் போய் போர்டைப் படித்தாள். ஜன்னலில் அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் போய் போர்டைப் படித்தாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பஸ் நகர ஆரம்பித்ததும் தாவி ஏறிக்கொண்டாள்.

‘நான் இருக்கிற பஸ்ஸுல ஏறவே அந்தப் பிள்ளை எப்படித் தயங்குது,’ என்று சிவப்பிரகாஷ் வருத்தப்பட்டார்.

கண்டக்டர் முன்பக்கமிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். செல்வராணியிடம் நின்றபோது அவள் சொன்னது பின்சீட்டு வரைக்கும் கேட்டது.

“இது எதுவரைக்கும் போகுதுங்க? சரி, அதுவரைக்கும் ஒண்ணு குடுங்க.”

சிவப்பிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதுவரைக்கும் போகிறது என்று தெரியாமல், அதுவரைக்கும் டிக்கெட் எடுக்கும் பெண் எங்கே போகிறாள்?

கண்டக்டர் கடைசி சீட்டுக்கு வந்தார். “எங்க?”

“அந்தப் பச்சைச் சுடிதார் எங்க போகுது?”

கண்டக்டர் பையை மூடினார். “பஸ்ஸு எங்க போகுதோ அங்க போகுது. உமக்கு எங்க போகணும்?”

“எனக்கும் பஸ்ஸு எங்க போகுதோ அங்கதான்.”

“புன்னைக்காயல்.”

“புன்னைக்காயலா? ஆழ்வார்திருநகரி இல்லையா?”

“ஆத்தூர் வழி புன்னைக்காயல்னு போர்டுல இம்மாம் பெருசா எழுதிப் போட்டிருக்கு.”

வெளியே உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. அவசரத்தில் தான் மாறி ஏறியது இருக்கட்டும். போர்டை இரண்டு தடவை படித்துவிட்டு அவள் ஏன் ஏறினாள்? பால்காய்ப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பெண் கடற்கரை ஊருக்கு எதற்குப் போவாள்? அங்கே யார் காத்திருக்கிறார்கள்? சண்முகவடிவுக்குப் போன் போட்டார்.

“வடிவு, விசயம் கைமீறிப் போச்சு. அவ புன்னைக்காயல் பஸ்ஸுல ஏறிட்டா.”

“யாரு ஏறுனது?”

“செல்வராணிதான். நானும் இதுலதான் இருக்கேன்.”

“முதல்ல யாரு ஏறுனா?”

“அதா இப்ப முக்கியம்?”

சண்முகவடிவு பெருமூச்சு விட்டாள். “சரி. ஆத்தூர்ல அவ இறங்குவா. நீங்களும் இறங்கிருங்க. அவ கண்ணுல படுற மாதிரியே இருங்க.”

“கண்ணுல படாமன்னு தான நீ சொன்ன?”

“அது காலையில. இப்பப் படுற மாதிரி இருங்க.”

வைத்துவிட்டாள். அடுத்த நிமிஷம் முன்சீட்டில் செல்வராணியின் போன் அடித்தது. அவள் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே இருந்தாள். காத்திருப்பவன்தான் கூப்பிடுகிறான் என்று சிவப்பிரகாஷ் முடிவு செய்தார்.

பழையகாயல், முக்காணி எல்லாம் போனது. ஆத்தூர் வந்ததும் செல்வராணி எழுந்தாள். படிக்கட்டில் நின்று, அவரைப் பார்த்து, “ஆத்தூர் வந்துருச்சு,” என்று பொதுவாக, சத்தமாகச் சொன்னாள். பிறகு இறங்கினாள்.

சிவப்பிரகாஷும் எழுந்தார். எழுந்தவர் பாதியில் நின்றார். அந்த வீடியோவில் இதுவும் இருந்தது. இறங்குவது போல இறங்க வேண்டும். பின்னால் வருகிறவன் இறங்கியதும் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். அவனைத் தெருவில் விட்டுவிட்டு பஸ் போய்விடும். சண்முகவடிவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியும்? அவர் மீண்டும் உட்கார்ந்துகொண்டார்.

கண்டக்டர் விசில் அடித்தார். கீழே நின்றவள் பஸ்ஸின் படியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். “நிறுத்துங்க, நிறுத்துங்க,” என்று ஓடி வந்து திரும்ப ஏறினாள்.

தன் புத்தியை எண்ணி சிவப்பிரகாஷுக்கே பெருமையாக இருந்தது. ஏமாந்திருந்தால் அந்தப் பிள்ளை தனியாகப் போயிருக்கும்.

புன்னைக்காயலில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். பஸ்ஸுக்குள் இரண்டு பேர் மட்டும் மிச்சம். அவள் இறங்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தார். அவளும் அசையவில்லை. கண்டக்டர் வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இறங்குங்க. இதுக்கு அங்கிட்டு கடல்தான்.”

அவள் முன்வாசலிலும் அவர் பின்வாசலிலும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். தரையில் கால் வைத்ததும் இருவரும் நின்றார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். வெயில் காந்தியது. அவர் கோயில் பக்கமாக நாலு எட்டு வைத்தார். அவளும் வைத்தாள். அவர் நின்று செருப்பைச் சரி செய்தார். அவள் நின்று துப்பட்டாவைச் சரி செய்தாள். அவர் மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தால் அவளும் சுற்றிக்கொண்டு வருகிறாள். யார் முன்னால் போகிறார், யார் பின்னால் வருகிறார் என்பது சிவப்பிரகாஷுக்கு விளங்காமல் போயிற்று. ஒன்று மட்டும் உறுதி. காத்திருப்பதாகச் சொன்னவன் வரவில்லை. பாவம், பிள்ளை திக்குத் தெரியாமல் அலைகிறது.

இனி ரகசியம் பார்த்துப் பிரயோசனமில்லை, ஒரு நல்ல பொம்பளையிடம் சொல்லி அவளை ஒப்படைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

படகுகள் ஏற்றிவைத்த கரைக்குப் போகிற வழியில், வீட்டு வாசலில் வலையை விரித்து ஒரு பெண் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல ஓங்குதாங்கான ஆள். விக்டோரியா என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கூப்பிட, “இரு, வாரேன்,” என்று அவள் பதில் சொன்ன தோரணையே சிவப்பிரகாஷுக்கு நம்பிக்கை தந்தது. அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, அங்கன ஒரு பச்சைச் சுடிதார் பிள்ளை நிக்குது பாருங்க. தனியா வந்திருக்கு. கூட யாரும் கிடையாது.”

விக்டோரியா நெத்திலியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அதை நீரு எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுதீரு?”

“கவனிச்சுக்கிட்டே வந்தேன். அதான்.”

“எங்க இருந்து?”

“விளாத்திகுளத்துல இருந்து. ரெண்டு பஸ்ஸு மாறி அது பின்னாலயேதான் வாரேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் வெளியே எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. விக்டோரியா இடுப்பில் சேலையைச் செருகினாள்.

“ஏலே மெல்வின், இங்கன வா.”

ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வாலிபன் வந்தான். அவனோடு இன்னும் சிலர் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பழைய கட்டுமரம் ஒன்றின் மேல் சிவப்பிரகாஷை உட்கார வைத்தார்கள்.

“அந்தப் பிள்ளையை உமக்கு முன்னப்பின்னத் தெரியுமா?”

“பேரு செல்வராணி. வேளாண்மை ஆபீசுல வேலை. போட்டோகூட இருக்கு.”

“போட்டோ வேற வச்சிருக்காம்லே,” என்றான் மெல்வின்.

“அதுக்கு உம்மைத் தெரியுமா?”

“தெரியாது. தெரியக்கூடாதுன்னு சொல்லியிருக்கு.”

“யாரு சொன்னா?”

“என் பெஞ்சாதி.”

விக்டோரியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “கட்டுன பெஞ்சாதியே அனுப்பி வச்சு இந்த வேலையா நடக்குது?”

சிவப்பிரகாஷுக்கு வேர்த்து ஊற்றியது. சண்முகவடிவைக் கூப்பிட்டார். வேறொரு அழைப்பில் இருப்பதாகப் போன் சொன்னது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதையே சொன்னது. போலீசுக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர். அதற்கு முன்னால் மாதா கோயில் சாமியாரிடம் சொல்லலாம் என்றார் இன்னொருவர். நாளைக்குப் பால்காய்ப்பு வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது, தான் எந்த ஊர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் பாத்திரம் விற்றதில் ஒரு பெண்பிள்ளையை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். இப்படியாயிற்று.

அப்போது செல்வராணி போனைக் காதிலிருந்து எடுத்தபடி கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

“விட்டுடுங்க. எங்க மாமாதான் இவர்.”

யாரும் விடவில்லை. விக்டோரியா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

“பயப்படாமச் சொல்லு தாயி. இவன் ஏதும் மிரட்டி வச்சிருக்கானா? அவன் உனக்கு அவனைத் தெரியாதுங்கான், நீ மாமாங்குத. இங்கன வா, வீட்டுக்குள்ள போய்ப் பேசுவம்.”

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெளியே மெல்வின் சிவப்பிரகாஷின் தோள் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே செல்வராணி தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசுவது கேட்டது. நடுவில் விக்டோரியா, “அப்படியா,” என்றாள். பிறகு, “மெய்யாலுமா,” என்றாள். அப்புறம் சத்தமே இல்லை.

விக்டோரியா வெளியே வந்தபோது முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. தன் நல்ல மனசைக் கேட்டு அந்த அம்மாள் உருகிப்போய்விட்டாள் என்று சிவப்பிரகாஷ் எடுத்துக்கொண்டார்.

“கையை எடுலே,” என்று மெல்வினை அதட்டினாள். “அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்கிடாதீய. தண்ணி குடிங்க. சாப்பிட்டீயளா?”

சோறும் மீன்குழம்பும் வந்தது. சற்று முன்புவரை அடிக்கவிருந்தவர்கள் இப்போது, “இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க அண்ணாச்சி,” என்றார்கள். எல்லோரும் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு கனிவு இருந்தது. கிளம்பும்போது ஆத்தூருக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோகும் மெல்வினின் வண்டியில் இருவரையும் விக்டோரியாவே ஏற்றிவிட்டாள்.

“அண்ணாச்சியை நடுவுல உக்கார வைடே. பத்திரம்.”

வண்டி ஊரைத் தாண்டியதும் சிவப்பிரகாஷ் மெதுவாக வாயைத் திறந்தார்.

“அத்தை உன்கிட்ட என்னம்மா சொன்னா?”

“எல்லாத்தையும் சொல்லிட்டாங்க மாமா. எனக்குத் துணையா உங்களை அனுப்புனதை.” செல்வராணி ரொம்பக் கவனமாக, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்.

“உன்னை ரொம்பப் பயமுறுத்திட்டேம்மா. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா.”

“இல்லம்மா. நீ திரும்பித் திரும்பிப் பாத்த. வாழைத்தாருக்குப் பின்னால போய் ஒளிஞ்ச. தனியா வந்தா எப்பவும் இப்படித்தான் பயந்துக்கிட்டே வரணுமா?”

அவள் பதில் சொன்ன குரல் வேறு மாதிரி இருந்தது.

“பயம்னு இல்லீங்க மாமா. ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். எந்த சீட்டு, பக்கத்துல யாரு, எறங்குற எடத்துல கடை தெறந்திருக்குமா, போன்ல சார்ஜ் இருக்குதான்னு. யாராவது ஒரே ஆளு ரெண்டு எடத்துல கண்ணுல பட்டா, கூட்டமா பொம்பளைங்க இருக்கிற பக்கம் போயிருவேன். சத்தமாப் பேசிருவேன். வெக்கப்பட்டா முடியாதுங்க. தூங்கிட்டு வர்றவங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும்.”

மெல்வின் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே தலையை ஆட்டினான். சிவப்பிரகாஷ் ஐஸ் பெட்டிகள் கடகடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு அரைநாள் எல்லார் கண்ணும் தன் மேல் இருந்ததற்கே அவருக்கு உடம்பு இற்றுப்போயிருந்தது. இந்தப் பிள்ளை மாசாமாசம் திருப்பூருக்கும் விளாத்திகுளத்துக்கும் இப்படித்தான் போய் வருகிறாள்.

“பொம்பளைப் பிள்ளைக்குப் பின்னால நடக்கவே கூடாதும்மா. எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது.”

“ஆமாங்க மாமா,” என்றாள் அவள் உடனே. “இனிமே நீங்க எனக்கு முன்னாலயே நடங்க. என் கண்ணு முன்னால.”

அப்படியே செய்தார். ஆத்தூரில் அவள் போர்டைப் படித்துச் சொன்ன பஸ்ஸில் முதலில் ஏறினார். குரும்பூரில் அவள் கைகாட்டிய பஸ்ஸில் முதலில் ஏறினார். ஆழ்வார்திருநகரியில் இறங்கிப் புதுவீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோதும் அவரே முன்னால் நடந்தார். எதிரே வந்தவர்களுக்கு, ஒரு பெரிய மனுஷன் ஒரு பெண்பிள்ளையைப் பொறுப்பாகக் கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் தெரிந்திருக்கும். தப்பான சந்தில் அவர் திரும்பியபோது, “இந்தப் பக்கம்ங்க மாமா,” என்று அவள் மெல்லச் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

பந்தல் போட்டிருந்த வாசலுக்கு சண்முகவடிவு ஓடி வந்தாள். வந்தவள் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு செல்வராணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

“வந்து சேந்தீயளே, அது போதும்.”

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் மத்தியில் சிவப்பிரகாஷ் நிமிர்ந்து நின்றார். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று.

“உன் நல்ல நேரம், நான் போனேன் வடிவு. வழியில என்னென்னமோ நடந்துட்டு. ஆனா பிள்ளையை ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்து சேத்துட்டேன்.”

“ஆமா, ஆமா,” என்றார்கள் எல்லோரும். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

கொல்லைப்பக்கம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பால்துரை, கையைத் துண்டில் துடைத்தபடி அப்போதுதான் வாசலுக்கு வந்தான். அக்காள் கண்ணைக் காட்டியதை அவன் பார்க்கவில்லை. நேரே செல்வராணியிடம் போய், மனசாரச் சொன்னான்:

“பரவாயில்லையே தாயி, போன தடவை இந்த அத்தானைக் கூட்டியாரச் சொல்லி நாங்க அனுப்புன ஆளு ராமேஸ்வரம் வரைக்குமில்ல பின்னாலயே போயித் திருப்பிக் கொண்டாந்தான், நீ புன்னைக்காயல்லயே மடக்கிட்டியே.”